யோரானுக்காக அடித்த மணி

அனுப்புநர்:
மான்ஸ் பெங்ட்சன்,
தேவாலய மணியடிப்பவன்,
எல்மோசா ஊர், ஸ்மோலாந்து.

பெறுநர்:
உயர்திரு மாகாண ஆளுநர் அவர்கள்.

பொருள்: என் மனைவி எலினை வரும் ஞாயிறன்று தேவாலய வாசலில் காலைத் தொழுமரத்தில் மாட்டிப் பூட்டும் தண்டனையை நீக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலஞ்சென்ற நம் மன்னர் பிறந்த சேதி வந்த அன்றுதான் நான் முதன்முதலாக மணிக்கயிற்றைத் தொட்டேன். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அவர் பட்டத்துக்கு வந்ததற்கும், முடிசூடியதற்கும், திருமணத்துக்கும், இளவரசி பிறந்ததற்கும் அடித்தேன். பிறகு போர்கள். போலந்தில் ஜெயித்தாலும் மணி, ஜெர்மனியில் ஜெயித்தாலும் மணி. அந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. என் தோள்பட்டைக்குத் தெரியும்.

2. பெரிய மணிக்கு இரண்டு பேர் வேண்டும். மறு கயிற்றை இழுத்தவன் என் மகன் யோரான். பத்துப் பேருக்கு ஒருவர் என்று படைக்கு ஆள் எடுத்தபோது அவனைக் கொண்டுபோனார்கள். அன்று முதல் அவன் கயிறு எலின் கையில்.

3. மன்னர் போர்க்களத்தில் மாண்டார். அடக்கம் ஆகும்வரை தினமும் நண்பகலில் ஒரு மணி நேரம் அடிக்க உத்தரவு. ஐந்து மாதமாக அடிக்கிறோம். அவர் உடல் இன்னும் கடலுக்கு அக்கரையில்தான் இருக்கிறதாம். அவர் அடக்கம் முடியும்வரை வேறு எவர் சாவுக்கும் மணி கிடையாது என்கிறார் எங்கள் பாதிரியார். உத்தரவில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காட்டவில்லை.

4. ஈஸ்டர் கழிந்த செவ்வாயன்று, யோரானும் அதே போரில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. உடல் வரவில்லை. அவன் தொப்பிகூட வரவில்லை. மறுநாள் மன்னருக்கான நேரம் முடிந்ததும் நான் கயிற்றை விட்டேன். எலின் விடவில்லை. "ராஜாவுக்கு அஞ்சு மாசம் இழுத்துட்டேன். எம்புள்ளைக்குக் கொஞ்சம் இழுத்துக்கிறேன். நீங்க வேணா கீழ போங்க" என்றாள். நான் போகவில்லை. நானும் பிடித்தேன். கால் மணி நேரம் அடித்தோம்.

5. இதற்குப் பாதிரியார் விதித்த தண்டனை அவளுக்கு மட்டும். நான் வயதானவன், குளிரில் உட்கார்ந்து நோயில் படுத்துவிட்டால் மணி நின்றுவிடும் என்பது பாதிரியாரின் கவலை. நண்பகலுக்குச் சற்று முன்னால் எலினை அவிழ்த்து, மன்னரின் மணியை அடிக்க மேலே அனுப்புவாராம்.

ஆகவே இத்தண்டனையை நீக்க உத்தரவிடுங்கள். முடியாதென்றால் அவளுக்குப் பதில் என்னைப் பூட்டச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால், மன்னரை என்று அடக்கம் செய்வார்கள் என்பதையாவது எழுதியனுப்புங்கள். மறுநாளே யோரானுக்கு முறைப்படி அடிக்க வேண்டும். அதற்குக் கையில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைக்க வேண்டும்.

இடம்: எல்மோசா
நாள்: 2 மே 1633

தங்கள் பணிவுள்ள,
மான்ஸ் பெங்ட்சன்
(எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். விரல்கள் மடங்குவதில்லை.)