ஆடி பிறக்குமுன் நீ வீடு மாறுவது குறித்து

நெய்வேலி
5-7-1965

அன்பிற்குரிய சிரஞ்சீவி கருணாகரனுக்கு உன் தாய் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். உன் தங்கை தனத்துக்கு இருந்த இருமலும் சனிக்கிழமையோடு நின்றுவிட்டபடியால் நலம் என்று எழுதுவதில் மிகையொன்றும் இல்லை. அங்கு உன் நலமும், பெரம்பூரில் உன்னைத் தம் பிள்ளைபோல் வைத்துக் காக்கும் உன் பெரியப்பா, பெரியம்மா, குழந்தைகள் நால்வர் நலமும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதமும் அதனுள் மடித்து வைத்திருந்த மாத வரவு செலவுத் திட்டமும் சென்ற திங்கட்கிழமை கிடைத்தன. பெரியப்பா வீட்டிலிருந்து விலகித் திருவல்லிக்கேணியில் உடன் படிக்கும் இருவரோடு ஓர் அறையில் தங்க விரும்புவதாகவும் எங்கள் சம்மதம் வேண்டும் எனவும் எழுதியிருந்தாய். காரணத்தை இடவசதி இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாய். ஒரு கூடமும் சமையலறையும் மட்டுமே உள்ள அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் ஏழு பேர் படுப்பதையும், நீ விளக்கெரித்தால் கைக்குழந்தை விழித்து அழுவதையும், அதற்கு அஞ்சி எட்டு மணிக்கே நீ புத்தகத்தை மூடிவிடுவதையும் சித்திரையில் அங்கு வந்தபோது நானே கண்டேன். கணக்குப் பரீட்சையில் நீ தவறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறாவிட்டால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும், ஸ்காலர்ஷிப் நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்பதை நான் அறியாதவள் அல்லேன். இவ்வளவு இருந்தும் உன் பெரியம்மாவைப் பற்றி ஒரு சொல் குறையாக எழுதாதது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. எழுதுவதற்கு அவரிடம் குறையும் இல்லை. அதனால்தான் இந்தக் காரியம் இவ்வளவு கடினமாக இருக்கிறது.

உன் திட்டத்தைத் தனம் படிக்க நாங்கள் இருவரும் கேட்டோம். ஸ்காலர்ஷிப் நாற்பது, நாங்கள் அனுப்புவது இருபத்தைந்து, ஆக வரவு அறுபத்தைந்து. அறை வாடகையில் உன் பங்கு பத்து, மெஸ்ஸுக்கு முப்பத்தாறு, நோட்டுப் புத்தகம் ஐந்து, சலவை, சோப்பு, முடிதிருத்தம், மாதம் ஒரு சினிமா என்று வரிசையாகக் கேட்டு, உன் தந்தையார் “எல்லாம் சரியாத்தான் எழுதிகீறான், ஒண்ணும் வுடல” என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. இருந்தாலும் பட்டணத்தில் பத்து வருஷம் வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு வந்த அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாளிடம் ஒருமுறை காட்டி வருவது நல்லதென்று எடுத்துப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “ஏம்மா சாமியம்மா, உங்க புள்ள இருட்டுலயேதான் படிக்கப் போறானா? தண்ணியும் குடிக்க மாட்டானா?” என்று கேட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் குவார்ட்டர்ஸில் வாடகையும் விளக்கும் தண்ணீரும் சம்பளத்திலேயே அடங்கிப்போகின்றன. பெரியப்பா வீட்டிலும் அதே முறை. சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும், குழாயைத் திருகினால் வர வேண்டும் என்றிருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் அந்தச் செலவு நினைவுக்கு வரவில்லை. “பட்டணத்துல வூட்டுக்காரன் பல்புக்கு இவ்வளவுன்னு எண்ணி வாங்குவான். ஞாயித்துக்கிழமை ராத்திரி மெஸ் கிடையாது, அதையும் எழுதிக்கோ. ரெண்டு மாச வாடகை முன்பணம் இல்லாம சாவியையே கையில தர மாட்டான்” என்று அவர் சொல்லச் சொல்ல நான் உன் தாளின் பின்புறத்திலேயே குறித்துக்கொண்டேன்.

ஆயினும் எங்களைத் தடுத்தது அந்தக் கணக்கு அன்று. உன் தந்தையார் மூன்று வருஷம் காண்டிராக்டில் கிடந்து, பெர்மனென்ட் ஆகும்வரை வேலை உள்ள மாதமும் இல்லாத மாதமுமாக நாம் இருந்தபோது, அரிசிக்கு மணியார்டர் அனுப்பியவர் உன் பெரியப்பா. “எங்கண்ணன் தன் புள்ளைங்க தட்டுலேர்ந்து எடுத்து இவனுக்குப் போட்டுகினு கீறாரு. வூடு பத்தலன்னு சொல்லிட்டு இவன் மூட்டையத் தூக்கிகினு போனா, அவரு மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?” என்று உன் தந்தையார் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஆறு நாள் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. நானும் அவரை நெருக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நீ கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தவர் தாமாகவே தனத்தை அழைத்து, அதை இன்னொரு தரம் படி என்றார். முதல்முறை சினிமா வந்தவுடன் நாங்கள் பேச்சில் இறங்கியதால் கடைசி வரி அவர் காதில் விழவில்லை போலும். தனம் “வீட்டுக்கு ஐந்து ரூபாய்” என்று படித்தாள். “எந்த வூட்டுக்கு?” என்றார். “நம்ப வூட்டுக்குத்தாம்பா, அண்ணன் நமக்கு அனுப்புமாம்” என்றாள் அவள். உன் தந்தையார் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, ஆடி பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பதினைந்து நாள்கூட இல்லை, ஆடியில் குடிபுகலாகாது, நீ எழுதியிருந்த ஆகஸ்டு முதல் தேதி ஆடிக்குள் விழுகிறது என்று சொன்னேன். “அப்படின்னா அதுக்கு முன்னாடியே போவட்டும்” என்றார். இன்று காலை ஷிப்டுக்குப் போனவுடன் லீவும் சொல்லிவிட்டார்.

ஆகவே கண்மணி, எங்கள் சம்மதம் முழுமையானது. வீட்டுக்கென்று நீ எழுதிய ஐந்து ரூபாயை அடித்துவிடு. விளக்கு, தண்ணீர், ஞாயிறு இரவுச் சாப்பாடு மூன்றும் அதில் அடங்கும். மிச்சம் காட்டிய மூன்று ரூபாயைத் தொடாமல் வை. சினிமாவை அடிக்காதே. முன்பணத்தில் உன் பங்கு இருபது ரூபாயைத் தந்தையாரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடன் வாங்கியதன்று என்பதை மட்டும் நீ அறிந்தால் போதும். ஒரு வாளியும் பாயும் அங்கேயே வாங்கிக்கொள். வாரம் ஒருமுறை பெரம்பூர் சென்று பெரியம்மாவைப் பார்த்து வா. கைக்குழந்தைக்கு ஏதேனும் வாங்கிக்கொண்டு போ, வெறுங்கையோடு போகாதே. நான் இவ்வளவும் எழுதுவதைப் பார்த்து உன் தந்தையார், “கலெக்டருக்கா எழுதற, புள்ளைக்குத்தான?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அவர் வெள்ளிக்கிழமை ஷிப்டு முடித்துப் பண்ணுருட்டியில் ரயிலேறிச் சனிக்கிழமை காலை எழும்பூர் வந்து சேர்வார். பலகைகளைப் படிக்கத் தெரியாதவர், ஆகையால் நீ பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும். நேரே பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போ. அங்கு என்ன பேசப்போகிறார் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார். “புள்ள கேக்கல, நான்தான் போவச் சொன்னேன்னு சொல்லிடறேன். திட்டறதுன்னா அவரு தம்பியத் திட்டட்டும், புள்ள மேல மனசு கசக்க வேணாம்” என்பது அவர் சொல். எல்லாம் வல்ல இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் அருள்வானாக. மறவாமல் இருக்க ஒன்றே ஒன்று சொல்கிறேன்: உன் தந்தையார் இத்தனை வயதில் முதன்முறையாகத் தம் அண்ணன் எதிரில் நின்று ஒரு பொய் சொல்லப் போகிறார். அதை நீ திருத்திவிடாதே.

இப்படிக்கு,
உன்னை என்றும் வாழ்த்தும் தாய்
இரா. சாமியம்மாள்