வைதேகியின் புது மாத்திரை

என் கண்ணான லல்லிக்கு,

போன திங்கட்கிழமையிலிருந்து உன் பெண் வைதேகி ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். அதில் புது மருந்து இருக்கிறதா, வெறும் மாவுதானா என்று அவளுக்குத் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு உன் அண்ணா எப்படித் தலையாட்டினான் என்றுதானே கேட்கிறாய்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் எனக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீ அறியாத செய்தி. நீ கண்மூடி எட்டு வருஷம் கழித்து அவளுக்கும் அது வந்தது. உனக்கு வந்த அதே மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு கண் மங்கியது. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையைத் தின்று புண்ணாக்குகிற நோய் என்று அந்தக் காலத்து டாக்டர் உனக்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? படம் நன்றாக வந்தது. கொடுப்பதற்கு அவரிடம் அதிகம் ஒன்றும் இல்லை.

வைதேகிக்குக் கொடுக்க இருந்தது. நாலு வருஷம் ஒரு மருந்து அவளைக் காப்பாற்றியது. சென்ற வருஷத்திலிருந்து இடது கால் கனக்கிறது. ஸ்கேனில் புதுப் புண் ஏதும் இல்லை, ஆனாலும் மாதத்துக்கு மாதம் கனக்கிறது. பழைய மருந்துகள் ரத்தத்தில் ஓடும் அணுக்களை அடக்குமாம். மூளைக்குள்ளேயே தங்கிக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை அவை எட்டுவதில்லையாம். அங்கேயும் போய்த் தணிக்கக்கூடிய ஒரு மாத்திரையை ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கிறார்கள், சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தடித்த ஒரு படிவத்தோடு ஸ்ரீவராகத்தில் நம் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இதை வாயிச்சுப் பாருங்கோ. ஒரு வரி விடாம வாயிக்கறவா இந்த ஊர்லே நீங்க ஒத்தர்தான்."

"கையெழுத்துப் போட்டுட்டயா?"

"இல்லை. நீங்க வேண்டாம்னா போடலை. அம்மா கூடவே இருந்து பாத்தவர் நீங்கதானே?"

அந்தக் கடைசி வார்த்தை என்னை முள்ளில் உட்காரவைத்துவிட்டது.

மூன்று நாள் பென்சிலும் கையுமாகப் படித்தேன். 'தணிக்கக்கூடும்', 'உதவலாம்', 'எதிர்பார்க்கப்படுகிறது'. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் நின்றது. குணமாக்கும் என்று எங்கேயும் இல்லை. மருந்து செய்கிற கம்பெனியே பரிசோதனையையும் நடத்துகிறது. தன் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற தகப்பனை யார் நம்புவார்கள்? சிலருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெடலாம் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. ஏன் முதல் பக்கத்தில் எழுதவில்லை? வேண்டாம் என்று சொல்லிவிட முக்கால்வாசி தீர்மானித்துவிட்டேன்.

ஆனாலும் முறைப்படி கேட்காமல் சொல்லக் கூடாதே. பதினேழு கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆய்வுப் பிரிவில் ஒரு நர்சின் எதிரே உட்கார்ந்ததும் தாளை எடுக்கவே கூச்சம் வந்துவிட்டது. வைதேகி என் பையிலிருந்து தாளை உருவி மேஜைமேல் விரித்தாள்.

நர்ஸ் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துப் பெண், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஐயா வாத்தியாரா இருந்தீங்களா?"

"இல்லை. வானிலை ஆபீஸ். மழை அளந்துண்டிருந்தேன்."

"அதான் பாத்தேன். ஒரு துளி விடமாட்டீங்க போல. பேடிக்கண்டாம், பயப்படாம கேளுங்க."

"இவளுக்கு எது கிடைக்கும்? மருந்தா, மாவா?"

"எனக்கு அறியாது ஐயா. டாக்டருக்கும் அறியாது."

"தெரிஞ்சுண்டே மறைக்கறேளா?" இதை நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். வைதேகி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "தெரிஞ்சா மறைக்க ஏலாது ஐயா, மூஞ்சியில வந்திருமில்லா? இந்த அக்காவுக்கு நல்ல மருந்து போகுதுன்னு நான் அறிஞ்சா, இவங்க நடக்கும்போ கால் நல்லாருக்குன்னுதான் எனக்குத் தோணும். நோட்டுல அதைத்தான் எழுதுவேன். அதனாலதான் எங்களையும் நம்பாம எங்ககிட்டயே மறைச்சு வச்சிருக்கு."

பிறகு டாக்டர் வந்தார். சின்ன வயசு மலையாளிப் பெண். கல்லீரலைப் பற்றிக் கேட்டதும் அவர் எதையும் மழுப்பவில்லை. அபாயம் உண்டு, அதனால் தொடக்கத்தில் அடிக்கடி ரத்தம் பார்ப்போம், கல்லீரல் நொதிகளின் அளவு ஏறினால் அன்றே நிறுத்துவோம் என்றார். கால் தேறுமா என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனை என்றார். மீதிக் கேள்விகளையும் வைதேகி வாசித்தாள். பதில்கள் என் காதில் சரியாக விழவில்லை. நான் அந்த நர்ஸ் சொன்னதிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், லல்லி. அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்காக நான் எழுதிவந்த நோட்டு. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல். திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள மண்ணுக்கு வந்து எத்தனை தலைமுறையானாலும் நம் வீட்டில் அது தவறியதில்லை. அக்கம்பக்கத்து மலையாளிகள் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள், நமக்கோ கை பொறுக்காத வெந்நீர் வேண்டும். குளித்து வந்ததும் உனக்குக் கால் துவளும், கண் மங்கும். சாயங்காலம் சரியாகிவிடும். எல்லாவற்றையும் மணி போட்டுக் குறித்தேன். எண்ணெய்தான் உனக்கு ஆகவில்லை என்று முடிவுகட்டினேன். நல்லெண்ணெயை மாற்றித் தேங்காயெண்ணெய், பிறகு வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய், பிறகு வேறொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்கிற விஞ்ஞான முறை எனக்குத் தெரியுமே! நாலு வருஷம் எண்ணெயை மாற்றினேன். விடியற்காலையில் எழுந்து நானே விறகு தள்ளிக் காய்ச்சிய வெந்நீரின்மேல் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

வைதேகிக்கு நோய் என்று உறுதியான அன்றே டாக்டர் சொன்னார், வெந்நீர்க் குளியல் வேண்டாம், சூடு பட்டால் இந்த நரம்புகள் சட்டென்று தளரும் என்று. நோயை அது வளர்க்காதாம், அன்றைய பொழுதைத்தான் கெடுக்குமாம். உன்னுடைய எத்தனை பொழுதுகளை நான் கெடுத்தேன்?

ஆஸ்பத்திரி கான்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க, இதை வைதேகியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அம்மா ஒண்ணுமே சொல்லலையா மாமா?"

"ஒரு தடவை சொன்னா. வெந்நீர் கொஞ்சம் ஆறட்டுமே அண்ணான்னு. ஆறினா எண்ணெய் போகாதுன்னுட்டேன்."

"அதை நோட்டுலே எழுதினேளா?"

"இல்லை."

அவள் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள். கோபம்தான். இருக்க வேண்டிய கோபம். பிறகு அவளே கேட்டாள். "செரி, இப்போ சொல்லுங்கோ. போடட்டுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அது மாத்திரையின்மேல் வந்த சந்தேகமா, இன்னொரு நோட்டைத் திறக்க எனக்கிருந்த பயமா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. தங்கள் கண்ணையே நம்பாமல் ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறார்கள் அங்கே. என்னைவிடப் பெரிய சந்தேகப்பிராணிகள். நானோ எல்லாவற்றையும் சந்தேகித்தேன், என்னைத் தவிர.

"நான் சொன்னா தப்பாச் சொல்லுவேன். உனக்கு என்ன தோண்றது?"

"பேடியாத்தான் இருக்கு மாமா. இருந்தாலும் போடணும்."

"அப்போ போடு."

முதல் சில மாதங்களுக்கு அவள் என்னோடுதான் இருக்கிறாள். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். கண்ணில் மஞ்சள் தட்டுகிறதா என்று தினமும் காலையில் பார்க்கிறேன். நேற்று, "மாமா, இன்னொரு தடவை டார்ச் அடிச்சேள்னா நான் ஃபிளாட்டுக்கே போயிடுவேனாக்கும்!" என்று கத்தினாள். அவள் குரல் அப்படியே உன் குரல். கால் எப்படி என்றால், நேற்றுப் பரவாயில்லை, இன்று கனக்கிறது. இதில் எதற்கும் நான் அர்த்தம் கற்பிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை முதல் ரத்தப் பரிசோதனை. அந்தக் கம்பெனியை நான் இன்னும் நம்பவில்லை. நம்பவும் போவதில்லை. அவர்களாகச் சொல்லட்டும் என்று பெஞ்சில் காத்திருக்காமல், குரல் நடுங்கினாலும், அளவு என்ன என்று நானே எழுந்து கேட்பேன். என்றாவது ஒரு நாள் வைதேகி, "போறும் மாமா, நிறுத்திடலாம்" என்றால், ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் அவள் பக்கத்தில் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணா,
வைதேகிக்கு மாமா,
சிவராமன்