வாட்சில் ஏறிய நாடி

ஆகஸ்ட் 3, 1987. திங்கள். பெரம்பலூர்.

காலையிலிருந்து ஆடிக்காற்று. மாப்பிள்ளை துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய வாட்ச் வந்தது. முகப்பில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதில் விரலை வைத்தால் நாடித்துடிப்பு எண்ணாக வருகிறது.

போன மாத நெஞ்சுவலிக்குப் பிறகு டாக்டர் சொன்னது: தினம் நடங்க, சிகரெட் கூடாது, துடிப்பு 110-ஐத் தாண்டினால் உட்காருங்க. சிகரெட் விட்டாயிற்று. திருச்சி பத்திரிகை ஆபீஸ் சொல்வது வேறு: செய்திக்கு ஊர் சுற்றியது போதும், உட்கார்ந்து திருத்தும் டெஸ்க் வேலைக்கு வந்துவிடுங்கள். முடியாது என்றேன். மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்றார் செய்தி ஆசிரியர்.

மனைவி கமலம் வாட்சைக் கையில் கட்டிவிட்டாள். "இது பொய் சொல்லாது. நீங்கதான் சொல்லுவீங்க."

4, செவ்வாய்.

பஸ் ஸ்டாண்டு வரை நடை. 94. டீக்கடையில் உட்கார்ந்ததும் 76. சர்க்கரை இல்லாத டீ, கஷாயம்தான்.

கடைக்கார பாய்: "என்ன சார், வாட்சுக்குள்ள டாக்டர் உக்காந்திருக்காரா?"

"ஆமா பாய். பீஸ் கேக்காத டாக்டர்."

5, புதன். அரியலூர்.

விக்கிரமங்கலம் பக்கம் குடிநீர்க் குளத்தில் லாரிப் புழுதி படிகிறது என்று ஜனங்கள் மறியல். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. வெயிலில் நடந்தே விசாரித்தேன். தலை, சட்டை எல்லாம் வெள்ளை. பாதிச் செய்திதான் கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கமலம் என் விரலைப் பிடித்து வாட்சில் வைத்தாள். 168. அலறினாள். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு போனிலிருந்து திருச்சி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டாள். உடனே உத்தரவு: டெஸ்க்கில் சேரவும், மறியல் செய்தியை வேறு ஆள் முடிப்பார்.

எனக்கு மயக்கம் இல்லை, படபடப்பு இல்லை. கோபம் மட்டும்.

6, வியாழன்.

ஒரே ஆள் சொன்னதை வைத்து நான் இதுவரை செய்தி அனுப்பியதில்லை. வாட்சும் ஒரே ஆள்தான். மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 80. வாட்சில் விரல் வைத்தால் இன்னும் 168.

கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். சுண்ணாம்புப் புழுதி வியர்வையில் ஊறிக் காய்ந்திருந்தது. வேட்டித் தலைப்பால் துடைத்தும் போகவில்லை. கமலம் பாத்திரம் தேய்க்கிற புளியை எடுத்து வந்து தேய்த்தாள். மறுபடி விரல் வைத்தேன். 80. டாக்டரும் பார்த்து அதையே சொன்னார். "அலைங்க. ஆனா அளவோட."

ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

"ஆர்டர் போட்டாச்சே."

"அழுக்கு வாட்ச் சொன்னதை வச்சு போட்டிருக்கீங்க. இப்படி ஒரு செய்தி நான் அனுப்பினா அச்சுல ஏத்துவீங்களா?"

"யோசிக்கிறேன்."

"யோசிங்க. நாளைக்கு நான் விக்கிரமங்கலம் போறேன்."

7, ஆடி வெள்ளி. சிறுவாச்சூர்.

168-ஐப் பார்த்த பயத்தில் கமலம் வேண்டிக்கொண்டாளாம்: கோயிலிலேயே மாவு இடித்து மாவிளக்கு. திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறக்கும். நல்ல கூட்டம். பாதி இடிப்பதற்குள் அவளுக்குத் தோள்வலி. உலக்கையை வாங்கிக்கொண்டேன்.

"ஏங்க, வேணாங்க. நெஞ்சு."

"ஆம்பள இடிக்கிறதப் பாருடி!" என்று பக்கத்து உரலில் சிரிப்பு. சிரிக்கட்டுமே, என்ன இப்போ? இடித்தேன். வியர்த்தது. நிறுத்தி, விரலைத் துடைத்து வைத்தேன். 106.

கமலம் குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நூத்திப்பத்துக்கு இன்னும் நாலு பாக்கி இருக்கு. மெதுவா இடிங்க. விளக்குப் போட்டதும் அரியலூர் பஸ்ஸைப் புடிங்க. திருச்சிக்கு நான் பேசிக்கிறேன்."