முன்வரிசை நாற்காலியின் முடிச்சு

ஏங்க,

நாளைக்கு நடக்கப்போற நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு நாற்காலி முதுகுல கட்டத் தைச்ச பட்டாம்பூச்சி முடிச்சை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போறேன். நாப்பது வேணும், முப்பத்தொன்பதுலயே சாட்டின் துணி தீர்ந்துபோச்சு.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மாப்பிள்ளை மேல இருக்குற கோபத்தை அதுமேல காட்டாதீங்க.

நாலு மணிக்குக் கல்யாணக் கார் டிரைவர் வருவார். கார் முன்னாடி கட்டுற பெரிய முடிச்சு கட்டில் மேல கிடக்கு, எடுத்துக் குடுங்க. அதுமேல உட்கார்ந்துடாதீங்க.

நீங்க கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. முன்வரிசையில உங்க நாற்காலி போட்டாச்சு.

பி.கு: நாப்பதாவது முடிச்சு அந்த நாற்காலிக்குத்தான். மூணு நாளா நீலச் சட்டையைத் தேடுறீங்களே, அதை வெட்டித்தான் தைச்சேன். வேணும்னா நாளைக்குக் காலையில நேர்ல வந்து பிரிச்சு எடுத்துக்குங்க.