உள்ளே போன சேதி

வெல்லமும் சோள மாவும் ஈஸ்டும் சேர்ந்து கொதிக்கும் வாடை உனக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டும். இன்று காலை ஆய்வகத்தில் பழ ஈக்களுக்குத் தீனி காய்ச்சியபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு வழக்கம்போல உன் மேசைப் பக்கம் திரும்பி முறைத்தேன். அங்கே யாரோ ஒரு பெட்டியை வைத்திருக்கிறார்கள். ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இத்தனை மாதமாகியும் என் கழுத்துக்கு அது புரியவில்லை.

நாம் சண்டை போடாத நாள் உண்டா? எல்லாம் ஈயின் குடலில், பிரிந்து பிரிந்து புது உயிரணுக்களைத் தரும் குருத்தணுவை வைத்துத்தான். 'பெருகு' என்று பக்கத்து உயிரணு அனுப்பும் சேதியை அது தன் மேல்சவ்வில் உள்ள ஏற்பி என்னும் புரதத்தால் பிடிக்கிறது. பிறகு அந்த இடத்தில் சவ்வு குழிந்து, சிறு பையாகி, ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் சேதி முடிந்தது என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

"உள்ள போனா வாய மூடிக்குமா? கரைச்சுத் தீக்குற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கும். கரைக்கலீன்னா அணு நிக்காம பெருகும். பாத்துக்கிட்டே இரு."

அதைச் சோதிக்கத்தான், அந்தப் பைகள், ஏற்பியைக் கரைத்துவிடும் இடத்துக்குப் போய்ச் சேராதபடி வழி அடைபட்ட ஈ வம்சம் ஒன்றை உருவாக்கினோம். பொங்கல் விடுமுறையில் கல்லூரியில் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று ஈக் குழாய்களைச் சாப்பாட்டுக் கூடையில் அடுக்கி உன் ஊர் நாமகிரிப்பேட்டைக்கு எடுத்துப்போனாய். பண்டிகைக்கு வீடு கழுவிய உன் அம்மா குழாய்க்குள் நெளிந்த புழுக்களைப் பார்த்தார். "மாவு புழுத்துப் போயிருந்துச்சு சாமி. எல்லாத்தையும் வெளக்கிக் கவுத்துட்டேன்." நான் பஸ் பிடித்து வந்து தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் கைப்பையில் ஒரு குழாய் தப்பியிருந்தது. இன்றுள்ள ஈக்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

போன வாரம் அவற்றின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஏற்பிகள் உள்ளே, பைகளில் அடைந்து கிடந்தன. சேதி நடக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும் சாயம் அந்தப் பைகளின் மேல்தான் பச்சையாக மின்னியது. சுற்றிலும் குருத்தணுக்கள் நெருக்கியடித்துப் பெருகியிருந்தன. நம்பாமல் மறுபடி செய்தேன். அதேதான். நீ சொன்னதுதான் சரி.

பேராசிரியர் "நல்லது, எழுதிடுங்க" என்றார். அவ்வளவுதான். அஸ்தம்பட்டி அறைக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் தோற்றால் கைகொட்டிச் சிரிக்க எனக்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. பாவி, ஒரு வருடம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?

உன் அம்மாவிடம் சொல்ல இன்றுதான் தைரியம் வந்தது. தீனி ஆறும் நேரத்தில் போன் போட்டேன்.

"அவ சொன்னதுதானுங்கம்மா சரியாப் போச்சு. நான் தோத்துட்டேனுங்க."

"அது அவளுக்கு அன்னிக்கே தெரியுமே சாமி," என்றார். "'ஒரு நாளைக்கு அவளே வந்து ஒத்துக்குவா பாரும்மா, ஆனா அழுதுக்கிட்டேதான் ஒத்துக்குவா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

ஆமாண்டி. ஒத்துக்கொண்டேன். நீ சொன்ன மாதிரியேதான்.