மாடசாமி குளிக்கப் போகவில்லை

1962 ஜூலை 8, ஞாயிறு. குற்றாலம்.

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த புடவை எதுவும் காயவில்லை. குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சோப்பைத் தூக்கிப் போய்விட்டது. புதுச் சோப்பு.

இன்று சவுக்கடிக் காட்சி. கதாநாயகி அம்மாளுக்கு நான்தான் டூப். அடி வாங்கும் முதுகு என்னுடையது, அழும் முகம் அவருடையது. பருத்திக் கயிறுதான், வலிக்காது என்றார் ஸ்டண்ட் மாஸ்டர். நனைந்த கயிறு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? முதல் அடியிலேயே மூச்சு நின்றது. மேகம் வந்து வெளிச்சம் போயிற்று, திரும்ப எடுத்தார்கள். திரும்ப. திரும்ப. வில்லன் நடிகர் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஓங்கித்தான் அடித்தார்.

பிறகு அம்மாளின் முறை. என்னை முதுகைக் காட்டி நிற்க வைத்து, என் தடிப்புகளைப் பார்த்துப் பார்த்து மேக்கப்காரர் அவர் முதுகில் சிவப்பு மை தீட்டினார். அதே மாதிரி வந்திருக்கிறதா என்று அம்மாள் கேட்டார். வந்திருக்கிறது என்றேன்.

சாயங்காலம் மாடசாமி தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தான். கதாநாயகனுக்கு அவன் டூப். அச்சன்புதூர்க்காரன். எங்கள் நாடகக் கம்பெனி கலையும்வரை மேடையில் எனக்கு எதிராக வாள் பிடித்தவன். நான் ராஜா வேஷம், அவன் எதிரி ராஜா. அத்தனை வருஷத்தில் அவன் வாள் என் மேல் ஒரு கீறல் போட்டதில்லை. படத்தில் எங்கள் பெயரும் வருமா என்று படக் கம்பெனி மானேஜரிடம் கேட்டானாம். பெயர் போட்டால் அப்புறம் என்ன டூப் என்றாராம் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குப்புறத்தான் படுக்க வேண்டும்.

ஜூலை 9, திங்கள்

மழை. மலையில் பெருமழை போல. தண்ணீர் கலங்கி வருகிறது.

ஐந்தருவிக்கு அப்பால் ஒரு சின்ன அருவி. அதன் மேல் பாறையில் வாள் சண்டை. வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பாறை முழுக்கப் பாசி. மாடசாமி இடுப்புக்குக் கயிறு கேட்டான். காமிராவில் தெரியும் என்றார் ஸ்டண்ட் மாஸ்டர். நாடகக்காரனுக்குப் பயமோ என்றும் கேட்டார். அவ்வளவுதான், இவன் ஏறிவிட்டான்.

விழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல. இறங்கி ஓடினேன். தண்ணீர் சிவப்பு. வலது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கக் கூடாத பக்கம் மடங்கி, எலும்பு வெளியே. மேலே காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரி. மானேஜர் வாசலிலேயே என்னை ஓரமாக இழுத்தார். குளிக்க வந்த எவனோ வழுக்கி விழுந்தான், பாவம் பார்த்துத் தூக்கி வந்தோம், இப்படித்தான் சொல்ல வேண்டுமாம். கம்பெனியில் இவன் இல்லவே இல்லையாம்.

உடுப்புக்காரர் பின்னாலேயே வந்தார். மாடசாமி போட்டிருந்தது கதாநாயகனின் பட்டுச் சட்டை. அடுத்த ஷாட்டுக்கு வேண்டும். நினைவில்லாமல் கிடந்தவன் உடம்பிலிருந்து அதைப் பிடித்து இழுத்தார். உடைந்த கால் கட்டிலில் இடித்தது. நினைவில்லாதவன் கத்தினான். நான் உடுப்புக்காரர் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது. என்னைச் சுவரில் தள்ளி மோதிவிட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 10, செவ்வாய்

வெயில்.

மாடசாமியின் காலை எடுத்துவிட்டார்கள்.

அவன் பெண்டாட்டி செல்லம்மாள் அச்சன்புதூரிலிருந்து வந்திருக்கிறாள். அழவில்லை. "எந்த அருவியிலக்கா குளிச்சாரு?" என்று கேட்டாள். அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கட்டில் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. விரலெல்லாம் வெளுத்துப்போயிற்று.

நாளைக்கு எனக்குப் படப்பிடிப்பு உண்டு. போவேன்.

ஜூலை 11, புதன். தென்காசி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.

விலா எலும்பு உடைந்திருக்கிறது. மூச்சு விட்டால் குத்துகிறது. ஒரு கண் திறக்கவில்லை. வாசலில் போலீஸ்காரர். செல்லம்மாள் என் பையைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

காலையில் போனதும் பார்த்தேன், அதே பட்டுச் சட்டை வேறொருவன் உடம்பில். துவைத்தும் கழுத்துப் பட்டையில் கறை போகவில்லை. என் காட்சி கம்புச் சண்டை. வில்லனுக்குப் பதிலாக ஸ்டண்ட் மாஸ்டரே எதிரே நின்றார். அவர் கம்பின் மேல் நான் அடிக்க வேண்டும், அப்படித்தான் ஒத்திகை. நான் மணிக்கட்டில் அடித்தேன். காய்ந்த சுள்ளி போல ஒடிந்தது. அவர் குனிந்தார், தோளில் இன்னொன்று. கை தவறி அல்ல. தெரிந்தேதான் அடித்தேன்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "முந்தாநாளு இங்கன விழுந்தவன் பேரு மாடசாமி. அச்சன்புதூரு. குளிக்க வரல. உங்க கதாநாயகனுக்குப் பதிலாத்தான் விழுந்தான்."

யாரோ விசில் அடித்தார்கள். வசனம் என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனி ஆட்கள் என்னை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். செருப்புக் காலால் மிதித்தார்கள். எத்தனை மிதி என்று எண்ணவில்லை. போலீஸ் வந்துதான் நிறுத்தினார்கள்.

ஜூலை 12, வியாழன்

மறுபடி சாரல். கஞ்சி கொடுத்தார்கள். விழுங்க முடியவில்லை.

மாடசாமிக்கு நினைவு திரும்பிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எடுக்க வந்தார். என்னையும் தாங்கிப் பிடித்து அவன் கட்டிலுக்குக் கூட்டிப் போனார்கள். எங்களுக்கு முன்னாலேயே மானேஜர் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. குளிக்கப் போனேன் என்று மாடசாமி சொன்னால் ஸ்டண்ட் மாஸ்டரை அடித்ததற்காக என் மேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். இல்லையென்றால் நான் ஜெயில். இதை அவனிடம் சொல்லி முடித்துவிட்டார் என்று அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ஏலே, என்னையப் பாக்காத. உள்ளதச் சொல்லு" என்றேன்.

மாடசாமி தலையை மெல்லத் திருப்பிக் காதுக்குப் பின்னால் காட்டினான். அரிதாரம் அப்படியே ஒட்டியிருந்தது. "குளிக்க வந்தவன் இதப் பூசிக்கிட்டா வருவான், ஐயா? சண்டைக் காட்சி. கயிறு கேட்டேன், தரல."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். பெயர், ஊர், தகப்பன் பெயர். தொழில் என்ன என்று கேட்டார்.

"நடிகன்" என்றான் மாடசாமி.

மானேஜர் சிரித்துவிட்டார். அவன் கால் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

செல்லம்மாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் வாயில் அடித்தாள். பித்தளைச் சொம்பு. பல் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. வாயைப் பொத்திய கையிலேயே இன்னொரு அடி. போலீஸ்காரர் பாய்ந்து வந்து அவள் இரண்டு கையையும் பின்னால் முறுக்கினார். அவள் திமிறவில்லை. மூச்சிரைக்கச் சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்:

"சொன்னாருல்லா. எழுதுனீங்களா?"

எழுதினார்.