இரண்டாவது மஞ்சள் அட்டை

நாகமலை புதுக்கோட்டை,
தை மாதம், பொங்கல் கழிந்த வாரம்.

வைகைக்குத் தெற்கே விசில் சத்தத்தாலேயே ஆட்சி நடத்திய மகாராணியும், இருபத்திரண்டு ஆம்பளைகளை ஒற்றை விரலால் ஓரமாக நிற்க வைத்தவளும், என் அக்கா சுந்தரம்மாள் பெற்ற மூத்த பிள்ளையுமான மருமகள் பவதாரிணிக்கு, உன் தாய்மாமன் கண்ணுச்சாமி அசாம் வரைக்கும் கேட்கிற மாதிரி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் விசாரித்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் நான் அனுப்புகிற சரித்திரப் புகழ் வாய்ந்த செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு அநாதையாக நிற்கின்றன. தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்த வழியில் படையெடுத்து வருகிறேன். பள்ளிக்கூட விலாசத்தை ஞானம் சாரிடம் வாங்கினேன். அங்கே பிள்ளைகளுக்கு டிரில் மட்டும் சொல்லிக்கொடுக்கிறாயாம், ரெஃப்ரி வேலைக்குக் கூப்பிட்டால் போவதில்லையாம், விசிலையே தொடுவதில்லையாம். சார் சொல்லும்போது மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. உனக்கென்று கனகா அத்தை தனியாக எடுத்து வைத்த பொங்கலை மறுநாள் நானே தின்றேன். ஓர் ஆனையைக் கூப்பிட்டிருந்தால் அதுவும் பாதியில் எழுந்து போயிருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஜல்லிக்கட்டில் அரை நாள் மைக் பிடித்தேன். ஒரு காளை என் வர்ணனையைக் கேட்டு வெட்கப்பட்டு வாடிவாசலுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. பஞ்சர் கடை எப்போதும்போல ஓடுகிறது. ஊரில் ரோடு இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

உன் தம்பி பீமாராவைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். பேனா நேராக அங்கேதான் போகிறது. அவனுக்கு மஸ்கட்டில் குடோன் வேலை கிடைத்திருக்கிறது. மாசியில் அக்காவுக்கு வருஷத் திதி கொடுத்த மறுநாள் விமானம். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கனகாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறானாம். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். இங்க எனக்கு யாரு இருக்கா மாமா என்றான். குத்துக்கல்லாட்டம் நான் எதிரே நிற்கிறேன், என்னை வைத்துக்கொண்டே கேட்கிறான். கோபம் வரவில்லை. அவன் யாரை எண்ணிக் கேட்டான் என்று தெரியும்.

கோடையில் நடந்த அந்தக் கால்பந்து இறுதி ஆட்டம் பொங்கல் தாண்டியும் இங்கே முடியவில்லை, பவா. நீ மைதானத்தில் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டாய். முத்திருளன் புரோட்டாக் கடையில் அது தினமும் கல் சூடானதும் மறுபடி தொடங்குகிறது. பேரையூர்க்காரர்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து, கோப்பையைக் கொண்டுபோய், அதில் பூந்தி போட்டுத் தின்றும் ஆகிவிட்டது. நம் ஊரில்தான் இன்னும் ரிசல்ட் வரவில்லை.

கட்சி இரண்டு. உனக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஞானம் சார் ஒரு கட்சி. மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால் அவர் டீ குடிப்பதே விதிமுறைப்படிதான். கோல் அடித்த சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை, ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தால் சிவப்பு, ஆள் வெளியே, கோல் மட்டும் செல்லும், இதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். சட்டம் எழுதுனவரு பேர, பீமாராவ்னு வச்சிருக்கு, அவன் சட்டத்த மீறலாமா என்று முத்தாய்ப்பும் வைப்பார். முத்திருளன் எதிர்க்கட்சி. ‘கோல் செல்லும்னா கொண்டாட்டமும் செல்லணும்ல சார். புள்ள செல்லும், பிரசவம் செல்லாதுங்கிறீங்க’ என்று மாவை ஓங்கி அடிப்பான். அந்த வாதத்தால் நம் ஊர் புரோட்டா மிருதுவாகிவிட்டது.

பீமா சட்டையை முழுக்கக் கழற்றவே இல்லை, ஒரு கை உள்ளேயே இருந்தது என்று ஒருநாள் முத்திருளன் புதிய ஆதாரம் கொண்டுவந்தான். சட்டையால் தலையை மூடினாலே மஞ்சள்தான் என்றார் சார். எங்க மூடுச்சு, இந்தா பாருங்க என்று கல்லுக்குப் பக்கத்திலேயே முத்திருளன் தன் சட்டையைத் தூக்கினான். அது தலையில் மாட்டிக்கொண்டது. வழி தெரியாமல் சால்னா அண்டாவை ஒரு பிரதட்சிணம் வந்தான். ஞானம் சார் நிதானமாக எழுந்து, பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை, மஞ்சள் நிறம்தான், எடுத்து உயரக் காட்டினார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டதாகக் கனகா சொல்கிறாள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். அட்டை பிடித்த கையும் எங்கள் வீட்டுக் கை, பனியனில் இருந்த முகமும் எங்கள் வீட்டு முகம். நான் எந்தப் பக்கம் போய் நிற்பேன்?

நீ அந்த ஆட்டத்தைத் தரையில் நின்று பார்த்தாய். நான் மேடையில் மைக்கோடு நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்ததை உனக்குச் சொன்னதே இல்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

வர வேண்டிய ரெஃப்ரி வரவில்லை. தம்பி ஆடுகிறான், நான் ஊத மாட்டேன் என்று நீ ஒதுங்கினாய். பேரையூர் கேப்டன்தான் விடவில்லை. ‘பவாக்கா சொந்தத் தம்பிக்கு ரெண்டு அட்டை சேத்துக் குடுக்கும், எங்களுக்குச் சம்மதம்’ என்றான். எல்லாரும் சிரித்தோம். முதல் பாதியிலேயே, விசிலுக்கு அப்புறம் பந்தைத் தூரத்துக்கு உதைத்து நேரம் கடத்தினதற்குப் பீமாவுக்கு ஒரு மஞ்சள் கொடுத்தாய். அக்கா இருந்திருந்தால் ஓரத்தில் நின்று ஆஃப்சைடு என்று கத்தியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ரூல் அதுதானே. த்ரோவுக்கும் ஆஃப்சைடு, கார்னருக்கும் ஆஃப்சைடு, ரேஷன் கடையில் எவனாவது வரிசையில் முந்தினாலும் ஆஃப்சைடு. மாசியில் அவள் போய்ச் சேர்ந்து, அந்தக் கோடையில்தான் இந்த ஆட்டம். அத்தனை நெரிசலிலும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற இடத்தில் யாரும் போய் நிற்கவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாகவே விட்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் பீமா கோல் அடித்தான். நான் மைக்கில் இழுத்த ‘கோ’ சமணர் மலையில் முட்டிப் பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். ‘ல்’ மட்டும் வரவில்லை. அவன் சட்டையைத் தலைக்கு மேலே உருவினான். உள்ளே வெள்ளைப் பனியன். பனியனில் என் அக்கா. நீ ரெஃப்ரி பரீட்சை தேறிய அன்று உன் விசிலைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாளே, அந்தப் படம். நம் மதுரையில் செத்தவர்களைப் பிளெக்ஸில் போடுவார்கள், ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். இந்தப் பயல் நெஞ்சில் அச்சடித்து, யாருக்கும் சொல்லாமல், முழு ஆட்டத்தையும் அவளோடு ஆடியிருக்கிறான். மைக் கெட்டுப்போயிற்று என்று நினைத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டுத் தட்டினார்கள்.

அவன் கூட்டத்தின் பக்கம் ஓடவில்லை. நேராக உன்னைப் பார்த்து ஓடி வந்தான். ரெஃப்ரியை மிரட்ட ஓடுகிறான் என்று ஊரே நினைத்தது. மஞ்சள் காட்டினாய். அதன் மேல் சிவப்பு. உன் கை கொடிக்கம்பமாட்டம் நேராக நின்றது. ஞானம் சார் இன்றைக்கும் அந்தக் கையைப் பற்றித்தான் பெருமை பேசுகிறார். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். கடைசி விசில் ஊதினதும் நீ பின்பக்க வழியாகப் போய்ப் பஸ் ஏறினாய். வீட்டுக்கு வரவில்லை. சிநேகிதி வீட்டிலிருந்தே அசாமுக்குக் கிளம்பிவிட்டாய். தம்பி மூஞ்சியில எப்படி மாமா முழிப்பேன், அட்டை குடுத்ததுக்கு அவன் என்னை மன்னிக்கவே மாட்டான் என்று ரயிலிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினாய். அதோடு சரி.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முத்திருளன் கடையில் செல்போனில் ஏதோ வெளிநாட்டு மேட்ச். ஒருவன் கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினான், மஞ்சள் வாங்கினான். கட்சிகள் கிளம்பின. ‘அவனுக்காச்சும் வேத்தாளு குடுத்தான். இங்க பெத்த ஆத்தா முகத்துக்கே அட்டை காட்டுன மகராசில்ல இருந்தா’ என்றான் முத்திருளன். பின்னால் பார்சல் வாங்க பீமா வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. வழக்கமாக இந்தப் பேச்சு வந்தாலே பீமா பார்சலைக்கூட வாங்காமல் போய்விடுவான். அன்றைக்குப் போகவில்லை.

‘அண்ணே, எங்கக்காவப் பத்தி இன்னொரு வார்த்தை வந்துச்சு, புரோட்டாவுக்குப் பதிலா உங்க கையி கல்லுல கெடக்கும்’ என்றான். அப்புறம் சார் பக்கம் திரும்பி, ‘அட்டை சரிதான் சார். எனக்கும் ரூல் தெரியும். அத நான் என்னைக்குமே கேக்கல’ என்று சொல்லிவிட்டு நடந்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். இந்த வயசில் நான் ஓடின வேகத்துக்கு நாய்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. நீ எதைத்தான்டா கேட்கிறாய் மாப்ள என்றேன். தன் வீட்டுத் தெருவுக்கு வந்ததும்தான் நின்றான். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘அம்புட்டுக் கூட்டத்துல அது யாருக்கு அம்மா மாமா? எனக்கும் அவளுக்கும்தான. அவகிட்ட காட்டத்தான் ஓடுனேன். எம்பேரு தெரியாதவ மாதிரி டவுசர்ல இருக்க நம்பரப் பாத்து எழுதுனா. நெஞ்ச ஏறிட்டே பாக்கல. சரி, டூட்டில இருக்கா, விசில் ஊதட்டும், அப்பறம் வருவான்னு கிரவுண்டு வாசல்லயே நின்னேன். பனியனக் கழட்டாமயே நின்னேன். எல்லாரும் போயிட்டாங்க. அவ வரல.’

அவ்வளவுதான் பவா. ஊர் இத்தனை மாதமாக அட்டையைப் பற்றிச் சண்டை போடுகிறது. நீயும் அட்டையைத்தான் நினைத்துக்கொண்டு அங்கே கிடக்கிறாய். அவன் வாசலில் நின்றதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பார்த்ததை அவனிடம் சொன்னேன். அவன் வெளியே போன பிறகு நீ அந்தச் சிவப்பு அட்டையைப் பைக்குள் போடவே இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கி, பந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வந்து, பேரையூர்க்காரன் முதல் கோலைப் போடும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாய். கோலுக்குக் கையை நீட்டும்போதுதான் அது கையில் இருப்பது உனக்கே தெரிந்தது. நடுவில் ஒரு தடவை பந்து வெளியே போனது. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். நீ கார்னர் கொடிப் பக்கம், அக்கா நிற்கிற இடத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றாய். பந்தை எடுத்து வந்தவன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாய். மேடையில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பீமா பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்து என் தோளைத் தட்டி, ‘நீங்க நல்லவரு மாமா. எனக்காக இம்புட்டுப் பெரிய பொய்யா’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தத் தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன் தாயி. வாழ்நாள் பூராவும் நான் கொசுவை ஆனையாக்கிக் கைதட்டு வாங்கினவன். என் அக்காதான் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் தட்டுவாள். மதுரை ஜில்லாவில் என் வாய்க்கு அத்தனை மவுசு இருக்கிறது. ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் ஒன்றைச் சொன்னேன், அது அவன் காதில் ஏறவில்லை. சத்தியம் பண்ணினால் அதையும் வர்ணனை என்பான்.

அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நான் கேட்கவில்லை. ஞானம் சாருக்கு மூச்சு இருக்கிறவரை அதை யாராலும் அசைக்க முடியாது. மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பனியனை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறான் என்று கனகா சொன்னாள். உன் கண்ணால் ஒரு தடவை பார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவளுக்காக அழவே இல்லையே. மைதானத்துக்கு முந்தியும் அழவில்லை, பிந்தியும் அழவில்லை.

திதிக்கு முன்னாலேயே வந்துவிடு. டிக்கெட் இல்லை, லீவு இல்லை என்று எழுதாதே. அவன் ஏறிப் போய்விட்டால் அப்புறம் சாவியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம்? நான் சொன்னால் அது கதை. நீ வாசலில் வந்து நின்றால், வாயே திறக்க வேண்டாம், அவன் நம்புவான்.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும். அவனும் நல்லா இருக்க வேண்டும். ஒரு நாளாவது ஒரே வீட்டில் நல்லா இருங்கள்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்தபடி,
தாய்மாமன்
கண்ணுச்சாமி